பின்னுக்குத் தள்ளிய தேதி

786
ராஜபாளையம்,
14-10-1994

என் பிரியமான கனிக்கு,

பானு எழுதிக்கொள்வது. நானும் அண்ணன் வீட்டில் எல்லாரும் இறைவன் அருளால் சுகம். உன் சுகத்தை நீயாக எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். ஆடி மாதத்துக்குப் பிறகு ஒரு கார்டு கூட வரவில்லை. பெங்களூரில் பேனாவுக்கும் ரேஷன் போட்டுவிட்டார்களா?

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது உன் அம்மாவைப் பார்த்தேன். கால் வீக்கம் வடியவில்லை. இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறார்கள். "அவ பெத்தவளுக்கே எழுதுதது இல்ல, நீ கேக்க வந்துட்டியாக்கும்" என்று என்னையே ஏசிவிட்டு, பிறகு சுடச்சுட இடியாப்பம் தந்தார்கள். ஜெயபாய் டீச்சர் ரிட்டயர் ஆகியும் அதட்டல் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

இனி என் சேதி. அண்ணன் வீட்டு முன்னறையில் நடத்திய கம்ப்யூட்டர் கிளாஸை இடம் மாற்றிவிட்டேன். நூல் கடை மைதீன் பிச்சை மாமா அவருடைய கடை மாடியைக் கொடுத்திருக்கிறார். வாடகை இல்லை. "அல்லாவுக்காகக் குடுக்கேன். படிக்க வார பொம்பளப் புள்ளைக கிட்ட ஒரு பைசா வாங்கப்பிடாது" என்பது மட்டும்தான் அவருடைய கண்டிஷன். மெஷின், புருஷன் வீட்டிலிருந்து என்னோடு திரும்பி வந்த நகையை விற்று வாங்கியது என்பது உனக்குத் தெரியும். ஒரே மெஷின் என்றாலும், உன் புரோகிராம் புண்ணியத்தில் நாலு திரை, நாலு கீபோர்டு, நாலு பிள்ளைகள். ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு முழு மெஷின் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அடிக்கிறாள். 'நாலுவீடு' என்று பேர் வைத்தாயே, அது பொருத்தமான பேர்தான்.

கூமாப்பட்டியிலிருந்து வேலுத்தாய் என்று ஒரு பிள்ளை மூன்றாம் தேதி சேர்ந்தாள். காலையில் முதல் பஸ்ஸில் வருகிறாள். "அக்கா, பக்கத்துல உள்ளவ அடிக்கது ஏன் என் டிவில வர மாட்டேங்கு?" என்று கேட்டாள். "வளவுக்குள்ள நாலு வீடு, கெணறு ஒண்ணு. அவ அவ சட்டியில அவ அவ கொழம்பு" என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள்.

மாடி திறந்த அன்று பாத்தியா ஓதினோம். இடம் கொடுத்தவர், மெஷின் கொடுத்தவள், புரோகிராம் கொடுத்தவள் என்று மூன்று பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் 'செல்லக்கனி' என்று பார்த்துவிட்டுச் செத்த நேரம் யோசித்தார். மைதீன் பிச்சை மாமா, "குடுத்தவ பேரச் சொல்ல என்ன யோசன, ஓதுங்க" என்றார். ஓதினார்கள். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வருஷத்து பிளாப்பி டிசம்பரோடு முடிகிறது. புதுசைச் சீக்கிரம் அனுப்பு. போன வருஷம் போலக் கடைசி நாள் வரை என்னைத் தவிக்க விடாதே.

உன் பானு

*

கர்த்தர் துணை
பெங்களூர்,
2-11-1994

அன்புள்ள பானு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணன் கடைக்குப் பேசலாம் என்றும் நினைத்தேன். ஆனால் இது போனில் சொல்கிற விஷயம் இல்லை.

'நாலுவீடு' இனி இலவசம் இல்லை. நான் வேலை பார்க்கும் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. கல்லூரிக் காலத்தில் ஆரம்பித்ததுதான், ஆனால் பாதிக்கு மேல் இங்கே உட்கார்ந்து, இவர்கள் மெஷினில்தான் எழுதினேன். அதனால் அது அவர்களுடையது என்றார்கள். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் எழுதித் தரச் சொன்னார்கள். தந்துவிட்டேன். அம்மாவின் மருந்துச் செலவை நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன், பானு. வேறு எதையும் நினைக்க அன்றைக்குத் தைரியம் இல்லை.

இலவசமாகப் போன பிளாப்பிகளுக்குப் பதில் புதுசு கிடையாது. நான் ஒவ்வொன்றிலும் வருஷக் கடைசித் தேதியை வைத்திருந்தது, பிழையுள்ள பழசை யாரும் வைத்துக்கொண்டு கஷ்டப்படக் கூடாது என்பதற்காக. இப்போது அந்தத் தேதியே கம்பெனிக்கு வசதியாகிவிட்டது. டிசம்பர் 31 தாண்டினால் அது திறக்காது. ஒரு திரை மட்டும் ஓடும், மற்ற மூன்றும் இருட்டுதான்.

இனி வைத்துக்கொள்ள மூன்று வழி சொல்கிறார்கள். ஒன்று, திரைக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம். இரண்டாவது, ஒரே தடவை பெரிய தொகை கட்டினால் பிரிண்டர் வயர் சொருகும் இடத்தில் மாட்டுகிற ஒரு பூட்டுத் துண்டு தருவார்கள். அது மாட்டியிருக்கும் வரை புரோகிராம் ஓடும், ஆனால் வாங்கியவர் அதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, விற்கவும் கூடாது. மூன்றாவது கல்வி லைசென்ஸ். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ கல்லூரியோ ஆக இருக்க வேண்டும், அதிலும் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

உனக்கு எது தோதுப்படும் என்று எழுது. நான் இங்கே பேசிப் பார்க்கிறேன். என் மேல் கோபப்படாதே.

உன் கனி

*

786
ராஜபாளையம்,
12-11-1994

என் கனிக்கு,

கோபப்படாதே என்று எழுதினால் கோபம் வராமல் இருக்குமா? வந்தது. இரண்டு நாள் இருந்தது. இப்போது கவலைதான் இருக்கிறது.

நீ சொன்ன மூன்று வழியையும் நானும் மூன்று நாளாகப் பார்த்துவிட்டேன். முதல் வழிக்குப் பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்க வேண்டும். வாங்கினால் மாடி போய்விடும். இரண்டாவதற்கு விற்க என்னிடம் இனி நகை இல்லை, காதில் கிடப்பதைத் தவிர. மூன்றாவதற்கு அங்கீகாரம் வேண்டுமாம். நூல் கடை மாடிக்கு எந்த அரசு அங்கீகாரம் தரும்? படியேறி வந்தால் அதிகாரிக்கு நூல் தூசியில் தும்மல்தான் வரும்.

மைதீன் பிச்சை மாமாவிடம் கேட்கலாமே என்று நீ சொல்வாய். எப்படிக் கேட்பேன்? ஊர் கூடி உன் பேரைச் சொல்லி ஓதியிருக்கிறது. அல்லாவுக்காகக் கொடுத்ததை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள், கனி. எங்களில் அது பெரிய இழிவு. 'அந்தப் பொண்ணு குடுத்துட்டுப் பறிச்சிக்கிட்டா' என்று அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் என்னால் தாங்க முடியாது. உன்னைப் பற்றி அப்படி யாரும் பேச நான் விட மாட்டேன்.

அதனால் உன்னிடமே கேட்கிறேன். எனக்கு மட்டும் தேதி இல்லாத ஒரு பிளாப்பி போட்டு அனுப்பு. நான் யாருக்கும் காப்பி தர மாட்டேன். உன் கம்பெனி என்ன குறைந்துவிடப் போகிறது? புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்றபோது அண்ணன் அதை வாங்கி உள்ளே வைத்தார், ஆனால் மதினி சோற்றுப் பானையைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. இந்த கிளாஸ் வந்த பிறகுதான் அந்த வீட்டில் எனக்கு ஒரு மரியாதை. இது போனால் நான் பழையபடி அந்தப் பானை பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

உன் பானு

*

கர்த்தர் துணை
பெங்களூர்,
9-12-1994

அன்புள்ள பானு,

நீ கேட்டதைச் செய்ய முடியவில்லை. மூல பிளாப்பிகள் எல்லாம் மேனேஜர் அலமாரியில் இருக்கின்றன. இங்கே வெளியே போகிற ஒவ்வொரு காப்பிக்கும் நம்பர் உண்டு. தேதி இல்லாத ஒன்று ராஜபாளையத்தில் ஓடினால், அதை யார் செய்தது என்று கண்டுபிடிக்க அரை நாள் போதும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இருந்திருந்தால் அந்தக் கையெழுத்தையே போட்டிருக்க மாட்டேன்.

சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நானே பூட்டுத் துண்டை வாங்கி உனக்குத் தரலாமா என்று கேட்டேன். வேலை பார்ப்பவர்கள் வாங்கக் கூடாதாம். வேறொருவர் வாங்கினாலும், இன்னொருவருக்கு அதைக் கொடுக்கக் கூடாதாம். காசு கட்டி வாங்கினாலும் கொடுக்க முடியாத ஒரு பொருளை நானே எழுதியிருக்கிறேன் என்று நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

என் பேச்சைக் கேள். மைதீன் பிச்சை மாமாவிடம் உள்ளதைச் சொல்லிவிடு. என் பேர் கெட்டால் கெடட்டும்.

உன் கனி

பி.கு. அவரிடம் சொல்ல உனக்கு மனமே வராவிட்டால் ஒன்று இருக்கிறது. புரோகிராம் மெஷினுக்குள் உள்ள தேதியைத்தான் பார்க்கிறது. ஜனவரி பிறந்ததும் மெஷின் தேதியை ஒரு வருஷம் பின்னுக்குத் தள்ளி வைத்தால் ஓடும். இதை நான் சொன்னதாக யாருக்கும் தெரியக் கூடாது. படித்ததும் கிழித்துவிடு.

*

786
ராஜபாளையம்,
20-1-1995

என் கனிக்கு,

நோன்பு நெருங்குகிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஓடுகிறது. ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் தேதியை மாற்றினேன். நாலு திரையும் பளிச்சென்று வந்தன. உலகத்துக்கெல்லாம் 95, எங்கள் மாடிக்கு மட்டும் 94. எனக்கு ஒரு வயசு குறைந்ததாகச் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் மாமா கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டே மேலே நிமிர்ந்து பார்க்கும்போது நான் உள்ளே தள்ளிப் போய்விடுகிறேன். அவரிடம் சொல்லவில்லை. 'கனி புது பிளாப்பி அனுப்பிட்டாளா?' என்று கேட்டார். 'ஆமா மாமா' என்றேன். அவர் மனசில் உன்னைக் 'கொடுத்தவள்' ஆகவே வைத்திருக்கிறேன், போ.

வேலுத்தாய் எல்லாரையும் முந்திவிட்டாள். விரல் பார்க்காமல் அடிக்கிறாள். இங்கே ஒரு மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் அடிக்கப் பெண் பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சித்திரையில் படிப்பு முடிந்ததும் இவளைத்தான் அனுப்பப் போகிறேன். அவள் அப்பா பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி அரை ஏக்கர் பார்க்கிறார். பிள்ளையைப் படிக்க அனுப்பியதற்கு அவரை ஊரில் கேலி பேசுகிறார்களாம். இவளுக்கு ஒரு வேலை கிடைத்தால் அந்தப் பேச்சு நிற்கும்.

உன் அம்மாவுக்குக் காலில் புண் ஒன்று வந்து ஆறிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பதில் எழுது.

உன் பானு

*

786
ராஜபாளையம்,
2-6-1995

கனிக்கு,

என் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேலுத்தாய் மில்லில் சேர்ந்து ஒரு மாதம் ஓடியது. வேலையை நிரந்தரமாக்கப் போன வாரம் சர்ட்டிபிகேட்டைக் கேட்டிருக்கிறார்கள். நம் மெஷினில் அச்சடித்துக் கொடுத்ததுதான். சேர்ந்த தேதியை நான் பார்த்து அடித்தேன், 3-10-94. முடித்த தேதியை மெஷின் தானாகப் போட்டுக்கொள்ளும். அது 21-4-94 என்று போட்டிருக்கிறது. படிப்பில் சேருவதற்கு முன்னாலேயே படித்து முடித்தவள் ஆகிவிட்டாள். நான் கட்டோடு கட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவளும் பார்க்கவில்லை. என் பேரையும் முத்திரையையும் மட்டும் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

போலி சர்ட்டிபிகேட் என்று ஆபீஸில் எல்லாருக்கும் முன்னால் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். நேரே மாடிக்கு வந்தாள். அழவில்லை. என் முன்னால் நின்றுகொண்டு, "அக்கா, நான் படிச்சது நெசந்தானக்கா?" என்று கேட்டாள். கனி, நான் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். இந்த ஒரு கேள்வி சுட்டது போல எதுவும் சுட்டதில்லை.

அந்த மில்லில் உன் கம்பெனி புரோகிராமைத்தான் காசு கட்டி வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். அதைப் பார்க்க மதுரையிலிருந்து வருகிற உங்கள் ஆள் அன்றைக்கு அங்கே இருந்திருக்கிறார். சர்ட்டிபிகேட்டைப் பார்த்ததுமே, 'யாரோ பழைய காப்பிக்குத் தேதியைத் தள்ளி ஓட்டுறாங்க' என்று சொல்லிவிட்டாராம்.

மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருத்தியாக வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்டச் சொல்லியிருந்தா அந்தப் பூட்ட உன் பேர்லயே நான் வாங்கித் தந்திருப்பேனேம்மா" என்றார். "இவ எப்ப வந்து கேப்பான்னு நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். திரையில தேதி தப்பா இருக்கது எனக்குத் தெரியும்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. சாவியை நானே கொடுத்துவிட்டேன். பொய் நடந்த இடத்தை அல்லாவுக்கென்று சொல்ல அவரால் முடியாது, எனக்கும் அது தெரியும்.

வருகிற புதன்கிழமை மில்லுக்குப் போகிறேன். உங்கள் மதுரை ஆளும் வருகிறாராம். தப்பு என்னுடையது, பிள்ளை மேல் குற்றமில்லை என்று சொல்லப் போகிறேன்.

பானு

*

பெங்களூர்,
5-6-1995

அன்புள்ள பானு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மதுரையிலிருந்து ரிப்போர்ட் அதற்கு முன்பே வந்துவிட்டது. இந்தத் தேதித் தந்திரம் கம்பெனி ஆட்களைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாது. ஊர் எது என்று பார்த்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, 'உனக்கு அந்தப் பக்கம்தானே?' என்று கேட்டார். எனக்கு ராஜபாளையத்தில் யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன்.

ஜனவரிக் கடிதத்துக்கு நான் பதில் போடாதது பயத்தால்தான். வேறு காரணம் இல்லை.

பானு, உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. புதன்கிழமை அவர்கள் கேட்டால், என் பேரைச் சொல்லிவிடாதே. என்னைத் தெரியாது என்று சொல். இந்த வேலை போனால் வேறு எந்தக் கம்பெனியும் என்னை எடுக்காது. அம்மாவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. நீ எப்படியும் அங்கே அண்ணன் வீட்டில் இருப்பாய். எனக்கு அப்படி ஒரு இடம் இல்லை.

வேலுத்தாய்க்கு நான் என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறேன். மன்னித்துக்கொள்.

கனி

*

9-6-1995

செல்லக்கனிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் புதன்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மில் மேனேஜர் நல்ல மனுஷர். தெலுங்கு கலந்த தமிழில், "அம்மா, பாப்பா பாவம், உழைக்கிற பிள்ளை. ஆனா தப்பு யாருதுன்னு எழுத்தில இருந்தாத்தான் நான் அவள உள்ள எடுக்க முடியும்" என்றார். மதுரை ஆள்தான் கேள்வி கேட்டார். பிளாப்பி எங்கிருந்து வந்தது? ஊர் ஊராகச் சுற்றி வந்தது, யார் கொடுத்தார்கள் என்று ஞாபகம் இல்லை என்றேன். தேதியைத் தள்ளச் சொன்னது யார்? நானாகக் கண்டுபிடித்தேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நூல் கடை மாடியில் கிளாஸ் நடத்துகிறவளுக்கு இவ்வளவு தெரியுமா என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில், "செல்லக்கனின்னு ஒருத்தர் எங்க கம்பெனியில இருக்காங்க, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க. தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அதையும் எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமா துணைக்கு வந்து வாசலில் நின்றிருந்தார். "என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேம்மா. கேக்காம இருக்கணும்னு துஆ செஞ்சுக்கிட்டு நிக்கேன்" என்றார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வேலுத்தாயைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஆறு மாதம் பயிற்சிச் சம்பளம்தான். சர்ட்டிபிகேட்டைக் கிழித்துவிட்டார்கள். அதனால் அவள் எங்கே படித்தாள் என்பதற்கு இனி எந்த அத்தாட்சியும் கிடையாது.

இனி கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துவதில்லை, மற்றவர்கள் புரோகிராமைத் தொடுவதில்லை என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மெஷினை விற்றாகிவிட்டது. மதினி நேற்று, "வீட்டுலதான் இருக்க, சின்னவனக் குளிப்பாட்டி விட்டுரு" என்றாள். குளிப்பாட்டினேன். நான் எப்படியும் அண்ணன் வீட்டில் இருப்பேன் என்று நீ எழுதியது சரிதான்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்துதான் பேனாவை எடுத்தேன். இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டதற்கு இல்லை, தைரியம் இல்லாமல் போனதற்கும் இல்லை. 'என் பேரைச் சொல்லாதே' என்று நீ என்னிடம் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதற்குத்தான். நீ கேட்காமலே செய்வேன் என்று உனக்குத் தெரியாமல் போய்விட்டது. நாம் பழகிய இத்தனை வருஷத்தில் அது ஒன்றுகூடவா உனக்குத் தெரியவில்லை?

அவர்கள் இன்னும் விசாரிக்கலாம். நான் எழுதிக் கொடுத்தது நிற்க வேண்டுமானால் நமக்குள் கடிதம் இருக்கக் கூடாது. உன்னுடைய எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். என்னுடையது எதுவும் இருந்தால் நீயும் போட்டுவிடு, இதையும் சேர்த்து. இதைத் தபாலில் போடவில்லை. உன்னைப் பார்க்க டீச்சர் பெங்களூர் வரும்போது அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

டீச்சரை எப்போதும் போல நான் போய்ப் பார்த்துக்கொள்வேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம். ஆனால் உன்னைப் பற்றி அவர்களிடம் கேட்க மாட்டேன். அவர்களும் என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன். செல்லக்கனியைத் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை உண்மையாக்கத்தான் இனி நான் பழக வேண்டும்.

நூர்பானு